பார்ப்பதற்குக் காசு கொடுக்க மாட்டோம், பற்றரிக்கு மட்டும் கொடுப்போம்



ஊரில் ஒரு பழைய பைக்கின் செல்ஃப் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாவிட்டால் என்ன நடக்கிறது? "பற்றரி போயிட்டு, மாத்துங்க." பைக்கைப் பார்த்தவரும் இதைத்தான் சொல்வார், தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு பார்க்காதவரும் இதைத்தான் சொல்வார். பற்றரி மாறும். இரண்டு கிழமை ஓடும். பிறகு ஒரு சுபஹு நேரம் பட்டனை அமத்தினால் "டிக்" என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்து ரிலே மாறும். அதற்கடுத்து மோட்டார். கடைசியில் பார்த்தால் என்ஜினில் பூட்டியிருக்கும் ஏர்த் வயரின் நுனி பச்சை பூத்துக் கிடக்கும். ஒரு துண்டு சேண்ட் பேப்பரின் வேலை.

உடனே எல்லாரும் பாஸ்மாரைத் திட்டுகிறோம். "கள்ளனுகள்" என்று வாய்கூசாமல் எழுதுகிறோம். அதில் நியாயம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு பாஸ் மீட்டரை வைத்து அரை மணித்தியாலம் தேடி, ஒரு நட்டை இறுக்கிக் கொடுத்து ஐந்நூறு ரூபா கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "நட்டு இறுக்கினதுக்கு ஐந்நூறா?" அதே பாஸ் ஒன்றையும் பார்க்காமல் பல ஆயிரத்துக்குப் பற்றரி மாற்றினால் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். கையில் ஒரு சாமான் வந்துவிட்டதே! தேடிக் கண்டுபிடிப்பவனுக்குக் கூலி இல்லை, சாமான் விற்பவனுக்கு மட்டும் இலாபம் உண்டு என்றால் எந்த மனிதன் தேடுவான்? அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

"பழசு, வித்துப்போட்டுப் புதுசு எடுங்க" என்பார்கள் இன்னும் சிலர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்கின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கும் கடலுக்குப் போகிறவரும் மேசன் வேலைக்குப் போகிறவரும் புதுப் பைக் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இங்கிருந்து திருகோணமலைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பழைய பைக்தான். சில மாடல்களில் கிக்கரும் இல்லை. மணல் ஒழுங்கையில் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு.

சரி, விசயத்துக்கு வருவோம். புதுப் பற்றரி போட்டதும் ஏன் இரண்டு கிழமை ஓடுகிறது? பதில் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. ஓமின் விதி. அழுத்த வித்தியாசம் என்றால் ஓட்டத்தைத் தடையால் பெருக்குவது. 1827 இல் அந்த மனிதர் அச்சிட்டது, நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்கி மறப்பது. ஸ்டார்ட்டர் மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த ஒரு பூட்டில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கே போய்விடும். புதுப் பற்றரி அந்த நட்டத்தைக் கொஞ்ச நாள் தாங்கும், பழசு தாங்காது. ஆக, பற்றரி நோயை மாற்றவில்லை, மறைத்தது. கடற்காற்று உப்போடு வருகிற நம் ஊரில் இந்த நோய் அதிகம். வாடைக்காற்று மழைக்குப் பிறகு இன்னும் அதிகம்.

"வயர் செக் பண்ணினேன், பீப் சத்தம் வருது, நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம். மீட்டர் பீப் அடிக்கும்போது ஓடுவது மிகச் சிறிய ஓட்டம். ஒற்றை நரம்பில் தொங்கும் வயரும் அதற்குப் பீப் அடிக்கும். 60 ஆம்பியர் கேட்டால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

செய்ய வேண்டியது இது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள் (ஆம்பியர் பக்கம் வைத்து மோட்டாரைச் சுற்றினால் மீட்டர் போய்விடும், கவனம்). பைக் நியூட்ரலில் இருக்கட்டும். பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 அளவில் காட்டினால் நல்ல சார்ஜ். 12 என்றால் கிட்டத்தட்ட வெறுமை, முதலில் சார்ஜ் பண்ணுங்கள். பிறகு செல்ஃப் அமத்தும்போது பாருங்கள். 10 க்குக் கீழே நன்றாக விழுந்தால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். விழவில்லை, ஆனாலும் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத என்ஜின் இரும்பிலும் வைத்து மறுபடி அமத்துங்கள். 0.3 க்கு மேல் காட்டினால் கள்ளன் ஏர்த்தில் இருக்கிறான். பிளஸ் பக்கமும் இப்படித்தான், பற்றரி பிளஸிலிருந்து மோட்டார் முனைவரை. அங்கே 0.5 ஐத் தாண்டக்கூடாது. முக்கியமானது, மக்கர் பண்ணும் நேரத்தில் அளக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும்போது அளந்து பயனில்லை.

சத்தத்தையும் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் பியூஸ், கில் சுவிட்ச், பட்டன், கிளட்ச் சுவிட்ச் பக்கம் போங்கள். பல மாடல்களில் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் வரும், அந்தக் குட்டிச் சுவிட்சுக்குள் மண் போனால் விட்டுவிட்டு வரும். "டிக்டிக்டிக்" என்று விடாமல் அடித்தால் பற்றரி பலவீனம் அல்லது பூட்டுத் தளர்வு. ஒற்றை "டிக்" வந்து, அளவுகளும் சரியாக இருந்தால் ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். மோட்டாரை மெதுவாகத் தட்டினால் சுற்றுகிறதா? கார்பன்தான். அதற்கு முழு மோட்டார் வாங்கத் தேவையில்லை.

கிளட்ச் சுவிட்சை "டிரெக்ட்" பண்ணித் தருவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கியரில் நிற்கும் பைக்கில் சின்னப் பிள்ளை பட்டனை அமத்தினால் பாய்ந்துவிடும்.

பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை. "பார்க்கிற கூலி இவ்வளவு" என்று கராஜ் சுவரில் எழுதிப் போடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்காமலே கையில் கொடுங்கள். சண்டை பிடிக்கிறவர்களோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த அளவுகளை ஒரு பைக்கிலேயே எடுத்துக் காட்ட நினைத்திருக்கிறோம். மக்கர் பண்ணும் பைக் உள்ளவர்கள் அஸருக்குப் பிறகு கொண்டு வரலாம். மீட்டர் எங்களிடம் இருக்கிறது. பற்றரியை மாற்றிவிட்டுக் கொண்டு வராதீர்கள்.