ஈரம் திரும்பும்வரை பிணைத்தொகை திரும்பக் கூடாது

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களில் விரிந்து கிடக்கும் பவுடர் ஆற்றுப் படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக 400 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. கோடை முற்றும்போது மேட்டு நிலப் புல்லெல்லாம் கருகிவிடும். ஓடைகளின் இருபுறமும் வண்டல் படிந்து தட்டையாகக் கிடக்கும் தாழ்நிலத்தில் மட்டும் பச்சை எஞ்சியிருக்கும். அடியிலுள்ள மணலும் சரளையும் பனி உருகிய நீரைப் பிடித்து வைத்து, வேர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. சேஜ் கோழி என்னும் புல்வெளிப் பறவை அந்த நாட்களில் தன் குஞ்சுகளை இங்கேதான் ஓட்டிக்கொண்டு வருகிறது. பூச்சியும் இளந்தளிரும் அப்போது மேட்டில் அருகிவிடும். மாட்டுப் பண்ணைக்காரர்கள் குளிர்காலத் தீவனப் புல்லை அறுப்பதும் இதே நிலத்தில்தான்.

இந்தப் படுகைக்கு அடியில் பல இடங்களில் 20, 30 மீட்டர் தடிமனுக்கு நிலக்கரி இருக்கிறது. அமெரிக்க நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்து போகிறது. பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: இங்கே நிலக்கரிப் படலமே நிலத்தடி நீரைத் தாங்கும் பாத்திரம். கரியை அள்ளும்போது பாத்திரத்தையும் சேர்த்தே அள்ளுகிறோம். பிறகு குழியில் கொட்டப்படும் உடைந்த பாறையில் நீர் மறுபடி ஊறி நிற்கத் தலைமுறைகள் ஆகலாம். ஊறும் நீரும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும்.

இதை உணர்ந்தவர்கள் எழுதிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதிபர் ஃபோர்டு இரண்டு முறை தடுத்த அந்தத் திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்தில் 1977 ஆகஸ்ட் 3 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். மேற்கு 100ஆவது தீர்க்கரேகைக்கு அப்பால் உள்ள வறண்ட பகுதிகளில், வண்டல் தாழ்நில விவசாயத்தை முடக்கும் சுரங்கத்துக்கு அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற சுரங்கமும் அந்நிலத்தின் நீரியல் செயல்பாடு கெடாமல் காக்க வேண்டும். நீரைச் சேகரிப்பது, தேக்குவது, ஓட்டத்தை மட்டுப்படுத்துவது, பயிருக்கு எட்டச் செய்வது என்று அந்தச் செயல்பாட்டை விதிகள் விளக்கவும் செய்கின்றன. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஓட்டைகளும் உண்டு. ஏற்கெனவே இயங்கி வந்த சுரங்கங்களுக்குத் தடையிலிருந்து விலக்கு. விவசாயத்துக்கு முக்கியமில்லாத மேய்ச்சல் வெளிக்கும் விலக்கு. அதாவது, பண்ணைக்காரரின் புல்லுக்காகத் தடை நிற்கும். கோழிக்குஞ்சுக்காக மட்டும் நிற்காது. காட்டுயிர்களுக்கென உள்ள பிரிவோ ‘இயன்ற அளவு’ என்ற சொல்லில் சாய்ந்து நிற்கிறது. எவ்வளவு இயலும் என்று நிறுவனமே வாதிட முடிகிற சட்டம் எப்படிக் காக்கும்?

மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் நிலங்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். மேடு சரிவாகியிருக்கும், புல் முளைத்திருக்கும். ஆனால் தாழ்நிலத்தை மீட்பது அடுக்கு அடுக்காகச் செய்ய வேண்டிய வேலை. சரளையைத் தனியாகவும், மணலைத் தனியாகவும், மேல்மண்ணைத் தனியாகவும் எடுத்து வைத்து, அதே வரிசையில் திரும்பப் போட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து கொட்டி மேலே புல் விதைத்தால் படத்தில் பச்சையாகத் தெரியும். ஆகஸ்டில் ஈரம் இருக்காது. சேஜ் புதரின் கதையும் இதுதான். குளிர்காலத்தில் இந்தக் கோழிக்கு அந்தப் புதரின் இலையைத் தவிரக் கிட்டத்தட்ட வேறு உணவே இல்லை. வேகமாக வளரும் புல் விதைகளோடு போட்டியிட்டு அது மீண்டும் பறவைக்குக் கூரையாகப் பல பத்தாண்டுகள் தேவை. வறண்ட பகுதிகளில் நிறுவனத்தின் பொறுப்புக் காலம் பத்தே ஆண்டுகள்.

அந்தப் பொறுப்புக்கு ஈடாக வைக்கப்படுவதுதான் பிணைத்தொகை. பல ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் ரொக்கமோ காப்பீடோ வைக்காமல், தம் சொத்துநிலையையே ஈடாகக் காட்டி வந்தன. 2015 ஆகஸ்டில் ஆல்ஃபா, 2016 ஜனவரியில் ஆர்ச், ஏப்ரலில் பீபாடி என்று மூன்றும் அடுத்தடுத்துத் திவால் நீதிமன்றத்தின் படியேறியபோது அந்த ஈடு எவ்வளவு மெலிந்தது என்று நாடு பார்த்தது. 2019 ஜூலை 1 அன்று பிளாக்ஜுவல் நிறுவனம் முடங்கி, பெல் ஏர், ஈகிள் பியூட் சுரங்கங்களின் தொழிலாளர்கள் வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டில்தான் சொத்துநிலையையே ஈடாகக் காட்டும் வழக்கத்துக்கான விதிகளை வயோமிங் இறுக்கியது. தாமதமாக வந்தாலும் வரவேற்கிறோம். அந்த வழக்கத்தை முழுமையாகக் கைவிட்டிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அபாயம் இப்போது கூடியிருக்கிறது. 2008இல் 46 கோடி டன்னைத் தாண்டிய வயோமிங்கின் உற்பத்தி 2024இல் 20 கோடிக்கும் கீழே போய்விட்டது. வருமானம் சுருங்கும் நிறுவனம் முதலில் கைவைப்பது எதில்? வருமானம் தராத வேலையில்தான். நிலமீட்பு அப்படிப்பட்ட வேலை. ஓடைகளைக் காக்க 2016 டிசம்பரில் வந்த விதியை அமெரிக்க நாடாளுமன்றம் 2017 பிப்ரவரிக்குள் ரத்து செய்தது. நிலக்கரிக்குப் புத்துயிர் கொடுக்க 2025 ஏப்ரலில் அதிபரின் ஆணை பிறந்தது. புதிய குழிகளைப் பற்றி இத்தனை பேச்சு. பழைய குழிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

புல் முளைத்ததைக் காட்டிப் பிணைத்தொகையின் கடைசிப் பங்கைத் திருப்பித் தரும் வழக்கம் நிற்க வேண்டும். கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியிருக்கிறதா, கோடைக் கடைசியில் தாழ்நிலம் ஈரமாக இருக்கிறதா, புதர் வேர்பிடித்து நிற்கிறதா என்று அளந்த பிறகே பணம் கைமாற வேண்டும். தோண்டத் தோண்டப் பின்னாலேயே மூடி வரும் கடமையைத் தள்ளிப்போட எந்த நிறுவனத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. மண் வாரும் இயந்திரங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்த கைகளும் இந்தப் படுகையிலுள்ள ஜில்லெட் நகரில் இன்னும் இருக்கின்றன. அந்தத் தொழிலாளர்கள் வேறு வேலை தேடிக் கலைந்து போவதற்குள் இந்தப் பணி தொடங்கியாக வேண்டும்.