வெள்ளவத்தையில் வீடு இருக்கு, ஆள் இல்லை

லண்டனில் இருக்கிற மாமா போன மாதம் வட்சப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். ஸ்பெயின், ஆனால் கடற்கரைப் பக்கம் இல்லை. உள்நாட்டில், மலைக்கு நடுவில், கல்லால் கட்டின பழைய கிராமத்து வீடு. லண்டனில் ஒரு கராஜ் வாங்கிற காசுக்கு முழு வீடும் முற்றமும் வருமாம். "பென்ஷன் எடுத்தாப் பிறகு அங்க போய் இருக்கலாம் மருமகன், வெயிலும் நல்லம்" என்று குரல் பதிவு வேற.

அதைக் கேட்கிற நேரம் நான் ஒருகொடவத்தைச் சந்தியில் நின்றேன். கொன்டெய்னர் லொறிகள் வரிசையாக நின்று ஹோர்ன் அடிக்க, மாமாவின் குரலை மூன்று தரம் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

மாமாவுக்குக் கொழும்பிலும் ஒரு வீடு இருக்கு. வெள்ளவத்தையில், கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், அஞ்சாம் மாடி, மூன்று அறை. வாங்கினது 2015இல். அன்றிலிருந்து அவர் அதில் படுத்தெழும்பின நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம் தேறாது. மிச்ச நாளெல்லாம் பூட்டு. மாதம் ஒருக்கா நான் போய் ஜன்னல் திறந்து, பைப்பைத் திறந்து ஊத்தை நிறத் தண்ணியை ஓடவிட்டு, பூட்டிவிட்டு ஒருகொடவத்தைக்குத் திரும்பி வருவேன். ஏன் அங்க இருக்கவில்லை என்று கேட்காதீங்க. "பிள்ளைகள் வந்தா இருக்கிறதுக்கு" என்பது மாமாவின் பதில். பிள்ளைகள் கடைசியாக வந்தது ஒரு கலியாணத்துக்கு. தங்கினது ஹோட்டலில்.

இதை மாமாவின் குணம் என்று விட்டுவிட ஏலாது. இரவு எட்டு மணிக்கு வெள்ளவத்தையின் எந்த ஒழுங்கையிலாவது நின்று மேல பாருங்க. எத்தனை ஜன்னலில் வெளிச்சம் இருக்கு என்று நீங்களே எண்ணுங்க.

அந்த ஸ்பெயின் வீட்டுக்கு வருவோம். மாமா பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர். 2021இல் இருந்து அந்தப் புத்தகத்தோடு போனால் 180 நாளில் 90 நாள்தான் அங்க நிற்கலாம். அதுக்கு மேல் வேண்டுமென்றால் தனியாக விசா எடுக்க வேணும். ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் வதிவிட அனுமதி தருகிற திட்டம் ஒன்று 2013இல் வந்தது. அதையும் 2025 ஏப்ரல் 3ஆம் திகதியோடு மூடிவிட்டார்கள். உறுதி கையில் இருக்கும், இருக்கிற உரிமை இருக்காது.

அந்த மலிவு வீடு ஏன் மலிவு என்பதும் லிங்க்கில் இல்லை. உள்நாட்டு ஸ்பெயினில் தெருவேல் என்று ஒரு மாகாணம். இளம் ஆட்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்ப் போய் ஊர்கள் காலியாகின. 1999இல் அங்குள்ள மக்கள் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். பெயர், 'தெருவேல் இருக்கிறது'. அவ்வளவுதான், நாங்கள் இருக்கிறம் என்று சொல்லுகிற ஒரு பெயர். 2019 மார்ச் 31ஆம் திகதி இப்படிக் காலியான மாகாணங்களின் சனம் மட்ரிட்டில் பெரிய ஊர்வலம் போனது. அதே வருஷத் தேர்தலில் தெருவேல்காரர் பாராளுமன்றத்துக்கு ஒரு ஆளையும் அனுப்பினார்கள். அவர்கள் கேட்டது ரயில், வைத்தியர், வேலை. கோடைக்கு மட்டும் வந்து கதவு திறக்கிற வீட்டுச் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை.

அங்க இருக்க ஆள் இல்லாமல் வீடு கிடக்கு. வெள்ளவத்தையில் இருக்க ஆள் வரிசையில் நிற்க, வீடு பூட்டிக் கிடக்கு.

நியாயமாகச் சொல்ல வேணும், எங்களுடைய ஆட்களுக்குக் கொழும்பில் உறுதி மேல் இருக்கிற பசி சும்மா வந்ததில்லை. 83ஐப் பார்த்த தலைமுறை அது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கோட்டைப் பக்க லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கக் காரணம் இல்லையாம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. ஏற்றப்பட்டவர்கள் வாடகை அறைக்காரர். அந்தக் காலையில் உறுதி என்பது அடையாள அட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டேன்.

ஆனால் அந்தப் பயத்தில் வாங்கின வீட்டை வைத்து இண்டைக்கு நாங்கள் என்ன செய்கிறம்?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இங்க காணி வாங்குவதைத் தடுத்தது, ஆனால் நாலாம் மாடியிலும் அதுக்கு மேலயும் உள்ள அபார்ட்மென்ட்டுக்கு விலக்குத் தந்தது. இரட்டைக் குடியுரிமை எடுக்காத மாமாமார் எல்லாருக்கும் இதுதான் வாசல். யாழ்ப்பாணத்தில் காணி வாங்க ஏலாதவர் வெள்ளவத்தையில் ஆகாயத்தில் வாங்கலாம். பவுண்ட் வந்தது, கட்டடம் எழும்பினது, விலையும் வாடகையும் அதோடு சேர்ந்து எழும்பினது. இங்க ரூபாயில் சம்பளம் எடுக்கிற பொடியனும் பிள்ளையும் அந்த விலையோடு போட்டி போட வேணுமாம்.

வாடகைக்குக் குடுங்க என்றால், "குடியிருந்தா எழும்ப மாட்டினம்" என்கிறார்கள். 1972 வாடகைச் சட்டத்தின் காலத்துக் கதை அது. குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டைக் கெதியில் மீட்கவென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. உங்களுக்குக் காவல் வந்தாச்சு. ஒரு வருஷ அட்வான்சை மொத்தமாகக் குடுக்கிற எங்களுக்கு என்ன காவல்?

வாடகைக்குக் குடுக்கிறவர்களிலும் பலர் ஆளைத் தெரிகிறார்கள். என்னோடு அறையில் இருக்கிற நண்பன் ஹட்டன்காரன், வங்கியில் வேலை. வெள்ளவத்தையில் ஒரு வீடு பார்க்க இரண்டு பேரும் போனோம். அந்தம்மா எனக்குத் தேத்தண்ணி தந்து, "தம்பி எந்த ஊர், அப்பா ஆர்?" என்று விசாரித்தா. திருப்தி. பிறகு அவனைப் பார்த்து அதே கேள்வி. ஹட்டன் என்றதும் முகம் மாறிவிட்டது. அன்று பின்னேரமே போன் வந்தது, வீடு வேற ஆளுக்குக் குடுத்தாச்சாம். இரண்டு கிழமைக்குப் பிறகும் விளம்பரம் அப்படியே கிடந்தது. 2007இல் பொலிஸ் கேட்டதும் இந்தக் கேள்விதான், 'உனக்கு இங்க என்ன வேலை?' இந்தமுறை தமிழில், தேத்தண்ணியோடு.

அப்படித்தான் ஒருகொடவத்தைக்கு வந்தோம். "அங்கயா இருக்கிறீங்க?" என்று சொந்தக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வத்தை என்றால் சேரி என்று நினைப்பு. வெள்ளவத்தையிலும் அதே வத்தைதான் ஐயா இருக்கு! இங்க தூசு உண்மை, லொறி உண்மை. களனி பெருகினால் 2016 மே மாதம் மாதிரி, போன 2025 நவம்பர் டித்வா மாதிரி, இந்தக் கொலன்னாவைப் பக்கம் முழுக்கத் தண்ணிக்குள் போவதும் உண்மை. ஆனால் விடிய ஐந்தரைக்கே எல்லா வீட்டிலும் லைட் எரியும். கீழ் வீட்டு முஸ்லிம் அக்கா எங்கள் கேஸ் சிலிண்டரை வாங்கி வைப்பா.

கொஞ்சம் தள்ளிச் சாலமுல்லையில் அரசாங்கத் தொடர்மாடி இருக்கு. கொழும்பின் வத்தைகளில் இருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களை இப்படியான மாடிகளில்தான் ஏற்றினார்கள். தலைமுறையாக இருந்த வீட்டைக் குடுத்துவிட்டு, பிறகு மாதத் தவணையும் கட்டி, உறுதிக்காகப் பல வருஷம் காத்திருந்த சனம் அது. ஒரு பக்கம் உறுதி இல்லாமல் வாழுகிற ஆட்கள். இன்னொரு பக்கம் வாழாமல் உறுதி மட்டும் வைத்திருக்கிற ஆட்கள். எங்கள் கலியாணப் பேச்சுகளில் மரியாதை ஆருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

புலத்தில் இருக்கிறவர்களிடம் தானதர்மம் கேட்கவில்லை. வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டை நியாயமான வாடகைக்கு விடுங்க, ஊரும் அப்பா பேரும் கேட்காமல் விடுங்க. விட ஏலாது என்றால், காலி வீட்டுக்கு வரி போடு என்று நாங்கள் கேட்கிறபோது "எங்கட சொத்து" என்று அழாதீங்க. இங்க இருக்கிற நண்பர்களுக்கும் ஒன்று: வெள்ளவத்தை முகவரிக்காக வேலை இடத்தில் பொய் சொல்லுவதை நிப்பாட்டுங்க. நானும் இரண்டு வருஷம் சொன்னவன்தான்.

மாமாவுக்கு நேற்று எழுதினேன்: "ஸ்பெயினைப் பிறகு பாப்பம் மாமா. அஞ்சாம் மாடியை எனக்கும் ஹட்டன் நண்பனுக்கும் வாடகைக்குத் தாங்கோ, ஒருகொடவத்தையில குடுக்கிறதை விடக் கூடத் தாறம்." நீலச் சரி விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. வாற ஞாயிறு ஜன்னல் திறக்கிற முறை.