கருவிகளுக்கும் ஒரு பரீட்சை

கைத்தொலைபேசி வலையமைப்பு மனிதர் பேசுவதற்கே உரியது என நாம் எண்ணுகிறோம். மின்மானிகளும் களவு எச்சரிக்கைக் கருவிகளும் அதன் வழியே செய்தி அனுப்புகின்றன.

அமெரிக்காவின் வெரைசன் கொம்பனி, பிறர் ஆக்கிய கருவிகளையும் தன் வலையமைப்பில் அனுமதிப்பதாக 2007 நவம்பரில் அறிவித்தது. ஆனால் அவை பரீட்சையில் தேறி அத்தாட்சி பெறவேண்டுமென விதித்தது. வானலை பலருக்கும் பொதுவான பாதை. ஒரு கருவி முறைதவறி அலைபரப்பினால், அயலவரின் அவசர அழைப்பும் தடைப்படலாம். ஆகவே இவ்விதி நியாயமானதே.

எனினும், அவ்வத்தாட்சி என்றும் செல்லுபடியாகும் எனக் கொள்ளற்க. 2022 இறுதியில் அக்கொம்பனி மூன்றாந் தலைமுறை வலையமைப்பை மூடியதும், அதனையே நம்பியிருந்த தேறிய கருவிகளும் ஊமையாயின.

கருவி வாங்குமுன், "தேறியதா?" என்று மாத்திரமன்றி, "எத்தலைமுறைக்குரியது?" என்றும் நாம் கேட்போமாக.