ஓடும் நிரல் எல்லாம் சரியான நிரல் அல்ல

"நேற்றுவரை ஓடிய நிரல் இது. கம்பைலர்தான் கெடுத்துவிட்டது." கணினியியல் மாணவர்களான எங்களிடையே இந்தக் குற்றச்சாட்டு அடிக்கடி எழும். தீர்ப்புச் சொல்லுமுன் சற்று விசாரிப்போம்.

சி மொழியில் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். ஓ0 என்ற தெரிவைக் கொடுத்தால் ஏறக்குறைய எழுதியபடியே மாற்றும். ஓ2 என்று கொடுத்தால், வேகத்துக்காக வீணானவற்றை நீக்கும், வரிசையை மாற்றும். நிரலாளர் மொழியின் விதிகளை மீறவில்லை என்ற நம்பிக்கையில்தான் இதைச் செய்கிறது.

நம்பிக்கை பொய்த்தால்? 2013இல் வெளிவந்த ஜிசிசி 4.8 கம்பைலரைப் பாருங்கள். கணினியின் வேகத்தை அளக்கும் ஸ்பெக் சிபியு 2006 தொகுப்பில் காணொளியைச் சுருக்கும் நிரல் ஒன்று உண்டு. அதில் 16 இடங்கள் கொண்ட ஓர் அணி; இடங்களின் எண் 0 முதல் 15 வரை. சுழற்சி முடியும் தறுவாயில் நிரல், இல்லாத 16ஆம் எண் இடத்தையும் ஒருமுறை படித்துவிடும். படித்த மதிப்பைப் பயன்படுத்தாததால் தவறு வெளியே தெரியவில்லை.

புதிய கம்பைலர் வேறு கணக்குப் போட்டது. இந்த அணியைப் படிப்பதால் எண் 16ஐ எட்டவே முடியாது. எனவே 'எண் 16க்குக் குறைவா' என்ற சோதனை தேவையில்லை. சோதனை நீங்கியது. சுழற்சி முடிவில்லாமல் ஓடியது.

இந்த நிரல் பாதிக்கப்படலாம் என்று ஜிசிசி தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்தது. அந்த மேம்பாட்டை மட்டும் நிறுத்த ஒரு தெரிவும் தந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலும் இத்தகைய சில மேம்பாடுகளை நிறுத்தியே தொகுக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட பழைய நிரலுக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் நேற்று எழுதிய நூறு வரிகளுக்கும் அதையே செய்வது, காய்ச்சலை விட்டுவிட்டு வெப்பமானியை ஒளித்துவைப்பதற்குச் சமம்.

கம்பைலரிலும் பிழை இருக்கலாம். எனினும் முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் நிரலைத்தான். எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கிவைத்துப் படியுங்கள். ஓ0, ஓ2 இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் சானிடைசர் கருவிகளைக் கொண்டு தேடுங்கள். எல்லை மீறிய வாசிப்பை அவை வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடை சரியா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் வழங்கினால், 'ஓடினால் போதும்' என்ற பழக்கமே வளரும். நாங்கள் இன்று எழுதும் நிரலை, நாளை இன்னும் கெட்டிக்காரக் கம்பைலர் ஒன்று படிக்கப்போகிறது. அதற்கும் சேர்த்தே எங்களைத் தயார்ப்படுத்துங்கள்.