கூட்டம் கலைந்த பிறகு..?

தசரா நாட்களில் குலசேகரன்பட்டினத்தில் கால் வைக்க இடமிருக்காது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். காப்பு களைந்ததும் ஊர் அமைதியாகிவிடும். சில வீடுகளில் மறுபடி முதியவர்கள் மட்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், 2021 ஆகஸ்ட் முதல் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைத் தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

ஆனால், அவர்கள் வராத நாளில் பாட்டி வழுக்கி விழுந்தால்? 'இன்னும் வாசல் தெளிக்கலையே' என்று எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் உதவி. உங்கள் தெருவில் அப்படி யாராவது தனியாக இருக்கிறார்களா? பிள்ளைகளின் போன் நம்பரை இன்றே வாங்கி வையுங்கள்!