பல் வைத்தியரின் கதிரையில் ஓடும் நீர்

வந்தாறுமூலைப் பக்கத்து மனிதருக்குக் கிணற்று நீரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்ட மாவட்டம் இது. அம்மனிதரே பல் வைத்தியரின் கதிரையில் சாய்ந்ததும் எந்த நீரையும் கேள்வியின்றி வாயில் ஏற்கின்றார்.

துளைகருவிக்கு நீர் செல்லும் குழாய் மிக ஒடுங்கியது. இரவெல்லாம் அதில் நீர் தேங்க, கிருமிகள் உட்சுவரில் வழுவழுப்பான படலமாய்ப் படிகின்றன. பின்னர் நல்ல நீரை ஊற்றினாலும் கெட்டே வெளிவரும். 2011 இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் இவ்வாறு லெஜியோனெல்லாத் தொற்றால் இறந்தார். 2016 இல் கலிபோர்னியாவின் அனகைமில் பாற்பல் நரம்புச் சிகிச்சை பெற்ற 70 இற்கு மேற்பட்ட சிறுவர்கள் தொற்றுக்கு உள்ளாயினர். தாடையெலும்பின் பகுதியை இழந்தோரும் உளர்.

“இது வசதியான நாடுகளின் கவலை” என்று வைத்திய நண்பர் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளிக்கு நோயாளி அரை நிமிடம் நீரை ஓடவிட என்ன செலவு? ஆயினும் அதனால் மட்டும் படலம் அகலாது. கிருமிநாசினியைத் தவறாது செலுத்தவேண்டும். மில்லிலீற்றருக்கு 500 கிருமிகள் என்ற அமெரிக்க வரம்பை நீர் தாண்டவில்லையெனப் பரிசோதிக்கவேண்டும். அறுவைக்கோ அக்குழாய் நீரே ஆகாது.

சுகாதார அமைச்சு இதனைக் கட்டாயமாக்கிப் பரிசோதனைத் திகதியைக் கதிரையருகே ஒட்டச் செய்யட்டும். திகதியில்லாத கதிரையில் நான் இனி வாய் திறப்பதாயில்லை.