முள் இறங்கியது... பெடலும்!

ஜூஜுவாடிக்காரன் பழைய கார் வைத்துக்கொள்ளக் கூடாது. அத்திப்பள்ளி வரை லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கிற ரோட்டில், அரை மணி நேரம் ஐடிலிங்கில் நின்றால் எந்தக் கிழட்டு இன்ஜினுக்கும் ஜுரம் வந்துவிடும். தெரிந்தும், மாமா கொடுத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கிக்கொண்டேன். பி.காம். படித்தவனுக்கு 'இலவசம்' என்றால் ஒரு மயக்கம்!

1961-ல் சென்னையில் செய்ய ஆரம்பித்த கார். கம்பெனியே இப்போது இல்லை. பானெட், மட்கார்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முதலை வாய் மாதிரி பிளந்துகொள்ளும்.

மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். காவிச் சேறு!

"போர் தண்ணியா ஊத்துனீங்க சார்?"

"ஆமாண்ணே."

"வீட்டு கெய்சர்ல உப்பு படியுதில்ல? அதேதான்."

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்திப் பிடிப்பதால்தான் இன்னும் பத்து டிகிரி தாங்குகிறது. என் மூடியின் ரப்பர் அப்பளமாகி இருந்தது. புது மூடி, புது ஹோஸ், ஃபேன் பெல்ட், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. 'நம்ம வெயிலுக்கு வேணாம்' என்று எவரோ பிடுங்கிப் போட்டிருந்த தெர்மோஸ்டாட்டும் திரும்ப வந்தது. (அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைத்தான் குடிக்கும்.)

"அப்படியே பிரேக் ஆயிலும் மாத்திரலாமா சார்?"

"அதான் முழுசா இருக்கேண்ணே!" சொன்னது சாட்சாத் நானேதான்.

அடுத்த வாரம் சேலத்தில் கல்யாணம். மனைவி பக்கத்தில், மகள் பின்னால். கிருஷ்ணகிரி, தர்மபுரி... என் கண் முழுக்க டெம்பரேச்சர் முள் மேலேதான். தொப்பூர் இறக்கத்தில் முள் இன்னும் கீழே வந்தது. ஆஹா! அந்தச் சந்தோஷத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேன். பி.காம். மூளை!

இன்ஜின் பிடிக்க வேண்டிய வேகத்தையும் சேர்த்து பிரேக்தான் பிடித்தது. இரண்டு வளைவு. மூன்றாவதில் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொட்டது. முன்னால் சிமென்ட் லாரி.

கடகடவென்று செகண்ட் கியரில் திணித்தேன். மனைவி, நான் சொல்லாமலே, ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். ஓரத்து மண்ணில் ஏறி நின்றோம். லாரிக்கும் எங்களுக்கும் நாலு முழம் இருக்கும். மகள், "வந்தாச்சாப்பா?" என்றாள்.

அரை மணி கழித்து மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி! ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

"கொதிச்சிருக்கு சார்," என்றார் அண்ணன் பிற்பாடு. கொதிக்கிறது ரேடியேட்டர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கார் ஷெட்டில் சும்மா நின்றாலும். டாட்-3 ஆயில் புதிதில் 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறினால் 140-க்கே ஆவியாகலாம். ஆவியை மிதித்தால் ஆவிதான் நசுங்கும், சக்கரம் நிற்காது. ரேடியேட்டராவது புகை விட்டுச் சொல்லும். இது வாயே திறக்காது. இந்தக் கால கார்களில் பிரேக்குக்கு இரண்டு லைன். என் ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் ஒன்றேதான்.

டீ டிகாக்‌ஷன் கலரில் வெளியே வந்தது பழைய ஆயில். ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்து புதுப் பெயின்ட்டையும் தின்றது.

இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வாசலில் பிரேக் பிளீடிங். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்திலிருந்து ஆரம்பம். நான் காருக்கடியில். பெடலில் மனைவி.

"அமுக்கு... பிடிச்சுக்கோ... விடு!"

"அன்னிக்கு அண்ணன் கேட்டப்பவே மாத்தியிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்?"

"...அமுக்கு!"